மலைக்குத் தார்ப்பாய் கட்டியவர்

ஹார்லன் விட்கம்ப் தன் வீட்டுக்கும் மலைக்கும் நடுவே கம்பம் நட்டு நீலத் தார்ப்பாய் கட்டிய அன்று, ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நானும் போனேன். அதற்கு முந்தின வாரம்தான் சொத்து மதிப்பீட்டாளர் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று, "மலை நல்லாத் தெரியுதே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் வீட்டிலிருந்து மலை தெரிந்தால் வரி கூடும்.

"மலையை நானா கொண்டாந்து வச்சேன்? நான் பாக்கவே மாட்டேன், போ" என்றார் ஹார்லன்.

"மலைக்குப் பாவாடை கட்டி விட்டாச்சு. பாத்திரம் கழுவுறப்ப இனிமே நான் எதைப் பாக்குறது?" என்றார் அவர் மனைவி மார்செல்.

மார்செல்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல். பள்ளிக்கூடம் நடப்பதே பெரும்பாலும் எங்கள் சொத்து வரியில்தான். ஆக, புருஷன் கட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கும் வரியில்தான் பெண்டாட்டிக்குச் சம்பளம். இதை யாராவது எடுத்துச் சொன்னால் ஹார்லனுக்குக் காது கேட்காது.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பள்ளி விளையாட்டுக் கூடத்தில் ஊர் கூடிப் பள்ளிச் செலவை முடிவு செய்யும். கூட்டத்துக்குத் தலைமை நான். இருபத்திரண்டு வருடமாக ஹார்லனைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. புது அடுப்பா, வேண்டாம். பேருந்துக்கு டயரா, வேண்டாம். "ஆதரிக்கிறவங்க" என்று நான் கேட்கும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். "எதிர்க்கிறவங்க" என்றதும் ஓட்டுக்கான மஞ்சள் அட்டையோடு கை மேலே போகும். ஒரு வருடம்கூட அவர் பக்கம் ஜெயித்ததில்லை.

இந்த வருடம் மாநில அரசு தரும் பணம் குறைந்தது. ஊரில் வீடுகளின் மதிப்பு ஏறினால் அது இறங்கும். மலை அழகாகத் தெரிவதால் நாங்கள் பணக்கார ஊராம். எனவே பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பலாம் என்று தீர்மானம் வந்தது. ஆயுளில் முதல்முறையாக ஒரு தீர்மானத்தை ஆதரிக்கப் போவதாக ஹார்லன் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். மார்செல் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கூட்டத்தன்று மார்செல் சுவரோரம் நின்று எல்லோருக்கும் பீன்ஸ் சூப் ஊற்றினார். புருஷனுக்கு மட்டும் ஊற்றவில்லை. நான் தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டேன்.

"பள்ளிக்கூடத்தை மூடணும்னு ஆதரிக்கிறவங்க?"

அட்டைகள் எழுந்தன. எழுபது. ஹார்லன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதிர்க்கிறவங்க?"

அவர் கை தானாக மேலே போனது. எழுபத்தொன்று.

கைதட்டல் கேட்ட பிறகுதான் ஹார்லன் தன் கையை நிமிர்ந்து பார்த்தார். மூடச் சொன்னவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் விதிப்படி, தோற்றவர்கள் மறு ஓட்டு கேட்க முடியாது. ஜெயித்த பக்கம் கை தூக்கியவர் யாராவது கேட்டால்தான் உண்டு.

"யோவ், எந்திரிச்சுக் கேளுய்யா. உனக்குத்தான் வரி குறையும்" என்று முதுகில் குத்தினார்கள்.

அவர் எழுந்தார். மார்செல் கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றார்.

"தலைவரம்மா, இருபத்திரண்டு வருசமாத் தோத்துக்கிட்டே இருக்கேன். இன்னிக்குத்தான் ஜெயிச்சிருக்கேன். கொஞ்ச நேரம் ஜெயிச்சவனா உக்காந்துக்கிறேனே" என்றார்.

உட்கார்ந்தும் விட்டார். அவர் மேல் இருந்த இருபத்திரண்டு வருடக் கோபம் எனக்கு அந்த நிமிடமே போய்விட்டது. மார்செல் ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் டக்கென்று வைத்தார்.

"ஆறிடப் போகுது, குடிங்க."

மறுவாரம் ஹார்லன் ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தார்ப்பாய் மேல் வைத்து, சுற்றிக் கோடு போட்டு, வட்டமாக வெட்டினார். ஓட்டை சமையலறை ஜன்னலுக்கு நேராக இருந்தது. பிறகு அவரே மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டார்.

"இந்த ஓட்டைக்கு மட்டும் வரி போட்டுக்கோ. பள்ளிக்கூடத்துக்கு நான் குடுக்குறது அவ்வளவுதான்."

மதிப்பீட்டாளர் ஜன்னலில் குனிந்து பார்த்தார். ஓட்டைக்குள் மலை அடியிலிருந்து உச்சி வரை முழுசாகத் தெரிந்தது.