பக்கத்து ஓட்டைக்குத் தாவுற ஒயரு

"எம் பொண்ணு பாக்குறது கேமரா மாட்டுற வேல இல்லடா. கேமராவுல இருந்து வர்ற ஒயரு எந்தப் பொட்டியில, எந்த ஓட்டையில போய்ச் சேரணும்னு கம்ப்யூட்டர்ல படம் போடுற வேல. அதப் பாத்துதான் மாட்டுறவனே மாட்டுவான்."

டீக்கட காசி கிளாஸும் கையுமா நின்னான். "மாமா, சக்கர கம்மியா போடட்டுமான்னுதான கேட்டேன்?"

"நல்லாவே போடு. பேத்தி பொறந்துக்கீது எனக்கு."

"அது பொறந்து மூணு மாசம் ஆவுது. இன்னும் எத்தினி நாளைக்கு இதச் சொல்லியே சக்கர வாங்குவ?"

பஞ்சாட்சரம் அதக் காதுல வாங்கல. போன எடுத்து, பஸ்ஸுக்கு நின்ன ரெண்டு பேருக்கு போட்டோ காட்ட ஆரம்பிச்சிட்டாரு. பேத்தி கொட்டாவி விடுது, பேத்தி காலத் தூக்குது, பேத்தி சும்மா இருக்குது. அவங்களும் பஸ்ஸு வர்ற வரைக்கும் வேற வழி இல்லாம, "தாத்தா மூக்கு அப்டியே"ன்னாங்க. மனுஷன் குளுந்து போய்ட்டாரு.

அதே நேரத்துல வூட்டுல, அவரு பொண்ணு கோகிலவாணி பல்லக் கடிச்சிக்குனு ஒக்காந்திருந்தா.

மலைய விட்டு எறங்கி பாலிடெக்னிக் படிச்சி, வேலூர்ல கேமரா மாட்டுற ஒரு ஆபீஸ்ல வேலைக்கிப் போனவ கோகிலா. புருஷன் ஒடுகத்தூர்ல லோடு வண்டி ஓட்டுறான். பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வந்தப்ப, "அங்க இருந்தே படம் போட்டு அனுப்பும்மா"ன்னு ஆபீஸ் சரவணகுமார் சார் ஒத்துக்கினாரு. மலையில இருந்துக்குனு வேலூரு வேல பாக்குறா பொண்ணுன்னு ஊரே மூக்கு மேல வெரல வச்சிது.

வேல என்னமோ பாக்க லேசுதான். திரையில பொட்டி பொட்டியா இருக்கும். ஒண்ணு கேமரா, ஒண்ணு ரெக்கார்டரு, நடுவுல எல்லா ஒயரும் வந்து சேர்ற நீட்டுப் பொட்டி. அதோட ஓரத்துல வரிசையா ஓட்டைங்க, போர்ட்டுன்னு பேரு. சாம அரிசி கணக்கா பொடிசா இருக்கும். கேமரா மேல மவுஸ அமுக்கி, விடாம இழுத்துக்குனே போயி, சேர வேண்டிய போர்ட்டு மேல வெரல எடுக்கணும். கிட்டப் போனாலே காந்தம் மாதிரி இழுத்து ஒட்டிக்கும். எந்தப் போர்ட்டு கிட்டவோ, அதுல ஒட்டிக்கும். அங்கதான் வென.

மொத தடவ தெரிஞ்சது ஹுசைஃபா போன் பண்ணப்ப. ஆபீஸ் பையன்தான், கேமரா மாட்டுறவன். கண்ணமங்கலத்துல ஒரு கல்யாண மண்டபத்துல ஏணி மேல இருந்தான்.

"இன்னாக்கா போட்டுக்கீற நீ? கேட்டு கேமரா கருப்பாக் கெடக்குது."

"எட்டாவது போர்ட்டுல சொருவுனியா?"

"உன் படத்துல ஒம்போதுன்னுல்ல போட்டுக்கீது! எட்டு வரைக்கும்தான் போர்ட்டே கேமராவுக்குக் கரண்டு குடுக்கும், ஒம்போது குடுக்காதுக்கா. சமையக்கட்டு கேமராவப் போட்டா டைனிங் ஹால்னு பேரு வர்து. மண்டபத்துக்காரரு கீழ நின்னு என்னையே பாக்குறாரு. மாப்ள வூட்டுக்காரன் மாதிரி மொறைக்கிறாரு."

கோகிலா படத்தத் தெறந்து பாத்தா. ஒம்போதுதான். ஆனா அவ எட்டுலதான் வுட்டா, சத்தியமா எட்டுலதான் வுட்டா. அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு கெட்ட பழக்கம், தப்பான ஓட்டையில ஒக்காந்தாலும் அதுவே ஒயருக்கு அந்த நம்பர எழுதிக்கும். பாக்கறதுக்குப் படம் சுத்தமா இருக்கும். ஏணி மேல ஏறுனவனுக்குத்தான் குட்டு வெளிய வரும்.

அப்புறம் இன்னொரு படம் திரும்பி வந்துச்சி. அதுக்கப்புறமும் ஒண்ணு. எப்பவும் அதே கத. ஒயரு பக்கத்து வூட்டுக்குப் போன மாதிரி, ஒரு போர்ட்டு தள்ளி. மவுஸு சரியில்லன்னு ஒடுகத்தூர்ல இருந்து புது மவுஸு வாங்கியாரச் சொன்னா. புருஷன் கொண்டாந்து குடுத்தான். புது மவுஸும் பக்கத்து ஓட்டைக்கித்தான் போச்சி. சாஃப்ட்வேர அழிச்சிட்டுத் திரும்ப ஏத்துனா. கண்ணு கெட்டுப்போச்சோன்னு செவுத்துல மாட்டுன காலண்டர தூரத்துல நின்னு படிச்சிப் பாத்தா. ஆடி அமாவாச வரைக்கும் தெளிவாத் தெரிஞ்சிது.

கொழந்தைக்கு ஊசி போட்ட அன்னிக்கு மட்டும் ஒரு அதிசயம். ஜொரம்னு கோகிலாவோட அம்மா மங்கம்மாள் கொல்லிக்குக் கள எடுக்கப் போவாம, நாள் பூரா மடியிலயே வச்சிருந்துச்சி. அன்னிக்குப் போட்ட படத்துல ஒரு தப்பு இல்ல. "அக்கா, இன்னிக்கு நீதான் போட்டியா?"ன்னு ஹுசைஃபா கேட்டான். சனியன் வுட்டுச்சின்னு நெனச்சா கோகிலா. மறுநாளே திரும்ப வந்து ஒக்காந்துக்குச்சி.

நேத்து சரவணகுமாரே கூப்ட்டாரு. சத்தம் போடல, அதுதான் இன்னும் குத்துச்சி.

"கோகிலா, டெலிவரிக்கு அப்புறம் கவனம் கொஞ்சம் அப்டி இப்டி இருக்கும், புரியுது. நாளைக்கு மத்தியானம் வாணியம்பாடி தோல் ஷெட்டு படம் வேணும். அதுவும் திரும்பி வந்துச்சின்னா, ஆபீஸுக்கே வந்துடும்மா. முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஆபீஸுக்குப் போறதாம். மூணு மாசக் கொழந்தயத் தூக்கிக்குனு, மலப் பாதையில இத்தினி வளைவு எறங்கி, சாயந்தரம் ஏறியாறதாம். போனா கொழந்த என்னாவுறது, போவலன்னா வேல போச்சி. கவனம் இல்லன்னுட்டாரே, அதான் அவளுக்கு ஆறவே இல்ல. ராத்திரிக் கஞ்சி அப்டியே இருந்துச்சி.

இன்னிக்குக் காலைல மங்கம்மாள் கொழந்தைக்குத் தண்ணி ஊத்தி, சாம்பிராணி காட்டி, ஏணையில போட்டுட்டுக் கொல்லிக்குப் போச்சி. உத்தரத்துல பொடவையக் கட்டித் தொங்க வுட்ட ஏணை. அது அந்த அறையிலதான், கோகிலாவுக்கு சிக்னலு கெடைக்கிறதும் அந்த ஜன்னலண்டதான். செவுத்துல சாஞ்சி ஒரு கால மடக்கி, ஒரு கால நீட்டி, மேல பலகைய வச்சி, அதுல லேப்டாப்பும் மவுஸும். ஏணையில இருந்து ஒரு கயிறு வந்து நீட்டுன காலு கட்டவெரல்ல முடிச்சி. கால அசைச்சா ஏணை ஆடும், கை வேலையப் பாக்கும். அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க புளி தட்டும்போதும் அப்டித்தான் செய்வாங்க.

கோகிலா தோல் ஷெட்டோட கேட்டு கேமராவுல இருந்து ஒயர இழுத்தா. மூச்சு கூட வுடல. எட்டாவது போர்ட்டு மேல கொண்டாந்து நிறுத்துனா. ஏணைக்குள்ள ஒரு சின்ன சிணுங்கல், பூனக்குட்டி கணக்கா. ஒயரு ஒம்போதுல ஒட்டிக்கிச்சி.

அவ கையப் பாத்தா. கை அசையல. பலகையப் பாத்தா. பலக இன்னும் லேசா நடுங்கிக்குனு இருந்துச்சி. அப்புறம் காலப் பாத்தா. கட்டவெரலு பாட்டுக்கு இழுக்குது, வுடுது, இழுக்குது, வுடுது. அவ அதுங்கிட்ட ஆட்டச் சொல்லவே இல்ல. கொழந்த சிணுங்குனா காலு தானா ஆட்டுது.

"அடப்பாவி காலே!"

கயித்த அவுத்துட்டு ஒயர இழுத்தா. எட்டுல சிவனேன்னு ஒக்காந்துச்சி. ஆனா ஏணை நின்னுச்சி, கொழந்த கத்த ஆரம்பிச்சிது. கட்டுனா ஒயரு தாவுது, அவுத்தா கொழந்த அலறுது. தூக்கி மடியில போட்டுக்குனு ஒத்தக் கையால இழுத்தா, அது பிஞ்சிக் கையால மவுஸ் ஒயரப் புடிச்சிக்கிச்சி. அந்தக் கைய எடுத்து முத்தம் குடுக்கறதா, அழுவறதான்னு அவளுக்கே தெரியல. திரும்ப ஏணையிலயே போட்டா. இன்னும் பாதிப் படம் கெடக்குது. வெயிலு வாசல்ல ஏறுது. கவனம் இருக்குது சார், காலுதான் சார் கேக்கலன்னு கத்தணும் போல இருந்துச்சி.

அப்பதான் பஞ்சாட்சரம் படியேறி வந்தாரு, சிரிச்ச மொகமா. "பஸ்ஸுக்கு நின்னவங்க கூட என் மூக்குன்னுட்டாங்கம்மா!" ஏணைய எட்டிப் பாத்து, "ஏன்டி தங்கம் அழுவுற"ன்னு கேட்டுட்டு, வழக்கம் போல ரெண்டடி பின்னால போனாரு. தூக்குனா நழுவிடுமோன்னு அவருக்கு பயம். பொறந்ததுல இருந்து தூரத்துல நின்னே கொஞ்சுறவரு. கை தானா போனத் தேடுச்சி, அழுவுற போட்டோ இன்னும் எடுக்கலையாம்.

கோகிலா கயித்து நுனிய அவருண்ட நீட்டுனா.

"அப்பா, போன உள்ள வையி. நீ அவளத் தூக்கவே வாணாம், செருப்பக் கழட்டிட்டு செவுத்தோரமா ஒக்காந்து காலு கட்டவெரலக் காட்டு. ஊரு பூரா காட்டுறியே, அந்த போட்டோவுல அவ அழுவலப்பா. இங்க அழுவுறா."