வான் அண்ணை கப்பலில் போன கதை

தொண்ணூறுகளின் முதல் பாதியில் ஒக்லாந்துக்கு வந்து இறங்கிய தமிழர்களில் பாதிப்பேர் முதலில் பார்த்த முகம் ஆனந்தராசாவுடையதுதான். விமான நிலையத்தின் வருகைக் கதவு திறந்தால், கம்பிக்கு இந்தப் பக்கம் பழுப்புச் சுவெற்றரோடு அவர் நிற்பார். பெயர் எழுதிய மட்டை ஒன்றும் கையில் இருக்காது. "எங்கட சனத்தைப் பார்த்தாத் தெரியாதோ" என்பார். தெரியும்தான். குளிருக்குப் பயந்து சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு, சுங்கத்தில் மிளகாய்த்தூளைப் பறித்துவிட்டார்களே என்ற துக்கத்தோடு வேறு யார் வரப்போகிறார்கள்?

விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில் விமானச் சரக்கு ஏற்றும் கம்பனி ஒன்றில் அவருக்கு வேலை. வீடும் பக்கத்திலேயே. சொந்தமாக ஒரு பழைய வெள்ளை வான் வைத்திருந்தார். யார் வந்தாலும், யார் போனாலும் அவருக்கு ஒரு போன் போதும். போகப்போக 'வான் அண்ணை' என்ற பெயர் நிலைத்து, ஆனந்தராசா என்ற பெயரைச் சனம் மறந்தே போய்விட்டது.

நம்மவர் வழக்கம் தெரிந்ததுதானே. ஒருவர் பயணம் போவதென்றால் வீடே கிளம்பும். ஏற்றிவிட ஒரு கூட்டம், கூட்டிவர ஒரு கூட்டம். கைகாட்ட ஆளில்லாமல் ஒருவர் புறப்பட்டால், அவருக்கு என்னவோ கஷ்டம் என்றுதான் நினைப்பார்கள்.

ஆனந்தராசா எண்பதுகளின் கடைசியில் இதே கதவால் தனியாக வந்தவர். கூட்டிப்போக வருவதாகச் சொன்ன நண்பர் வரவில்லை. அவர் வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனந்தராசா பெட்டியின்மேல் உட்கார்ந்து, திறக்கிற மூடுகிற கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தரை துடைக்க வந்த ஒரு தொங்கா நாட்டுப் பெண்தான் பஸ் நிற்கும் இடத்தைக் காட்டிவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் அழுதார். தனக்கு வந்தது இன்னொரு தமிழ் ஆளுக்கு வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தார். அந்த முடிவு அவருடைய சனி ஞாயிறுகளை எல்லாம் தின்றது. கலியாணமும் பேச்சிலேயே இழுபட்டு இழுபட்டுத் தலை நரைத்துவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வான் அண்ணையை ஏற்றிவிடவோ கூட்டிவரவோ யாரும் ஒருநாளும் போனதில்லை. அவர் எங்கேயும் போனால்தானே.

அப்படி இருந்தவரைக் கம்பனிக்காரன் பிடித்தான். வருடக்கணக்காக லீவு எடுக்கவில்லை, இனியும் விடமாட்டேன், ஒரு கிழமையாவது எங்கேயாவது போய்த் தொலை என்று அன்பாகத் திட்டினான். ஒக்லாந்திலிருந்து வடக்கே போகிற ஒரு சின்னக் கப்பலின் படத்தை ஆனந்தராசா பயண முகவர் கடைக் கண்ணாடியில் பார்த்தார். கரையோரச் சிறு துறைமுக ஊர்களைத் தொட்டுத் தொட்டுப் போய்த் திரும்பி வருமாம். விமானம் அவருக்கு அலுத்துப்போன சாமான். கப்பலுக்குப் பதிந்தார்.

பதிந்த பிறகுதான் அந்த ஆசை தலை தூக்கியது. சின்ன ஆசைதான், ஆனால் விடவில்லை. தன்னை ஏற்றிவிட ஒருவர் வரவேண்டும், திரும்பி வந்தால் கரையில் ஒருவர் நிற்கவேண்டும்.

புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ரானுயியில் தியாகலிங்கம் வீட்டுக்குப் போனார். தியாகலிங்கம், மனைவி கௌரி, மகள் பிரணவி என்று மூவரையும் விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தவர் அவர்தான். கௌரி போனில் வவுனியாவுக்குக் கதைத்துக்கொண்டிருந்தாள். தாய் தகப்பன் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று யாரையோ கேட்டுக் கேட்டுக் குரல் கம்மிவிட்டிருந்தது.

"அண்ணை, வாற சனிக்கிழமை வான் வேணும்," என்றார் தியாகலிங்கம். "ஹென்டர்சனிலை ஒரு ஃபிறிட்ஜ் பார்த்து வச்சிருக்கிறம்."

"சனிக்கிழமை நான் இல்லை. நாளையிண்டைக்குப் பயணம் போறன். ஞாயித்துக்கிழமை காலமைதான் வந்து இறங்குவன்."

எங்கே என்று கேட்பார் என்று காத்திருந்தார். தியாகலிங்கத்தின் பாதிக் காது கௌரியின் போன் பேச்சில் இருந்தது.

"ஓம், அப்ப பிறகு பாப்பம்," என்றார் தியாகலிங்கம்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஆனந்தராசா எழும்பினார். "போயிட்டு வாறன்" என்றார். கௌரி போனைக் காதில் வைத்தபடியே தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து கப்பல் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். மனிதர் மற்றவர்களுக்கு ஓடித்திரிவதில் சூரர், தனக்கென்று ஒன்றைக் கேட்பதில் ஊமை.

வானைக் கம்பனி வளவில் விட்டுவிட்டு விமான நிலைய பஸ்ஸில் நகரத்துக்குப் போய்க் கப்பலேறினார். மற்றவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் கரையில் நின்று கைகாட்டினார்கள். அவருடைய கையும் தன்பாட்டில் உயர்ந்தது. யாருக்கு என்று நினைவு வந்ததும் அந்தக் கையாலேயே தலையைத் தடவிக்கொண்டார்.

அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் அவர் படுத்தார், மற்றதில் பையை வைத்தார். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சோடி சோடியாக இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், சிரித்தார்கள், காலநிலை பற்றிப் பேசினார்கள். அதற்குமேல் பேச அவருக்கும் வரவில்லை.

ரசல் என்ற ஊரில் இறங்கினார். கரையோரமாக வெள்ளைப் பலகை வீடுகள், சின்ன மரத் தேவாலயம். கப்பலில் வந்த ஒரு கிழவியைத் தேடி அவளுடைய தங்கை இறங்குதுறைப் பாலத்தடிக்கே வந்திருந்தாள். இருவரும் கட்டிக்கொண்டு நின்றதை, பார்க்காதது போல் ஆனந்தராசா பார்த்தார். அடுத்த துறைமுகமான வங்கரோவாவில் மலைகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. கப்பல் கயிற்றை வாங்கிக் கட்டுகிற மனிதன் ஒருவனைத் தவிரப் பாலத்தில் ஆளில்லை. அவன் இறங்கிய ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னான், ஏறிப்போனபோது ஒவ்வொருவருக்கும் கைகாட்டினான். அந்த மனிதன் சின்னதாகிப் புள்ளியாகும்வரை ஆனந்தராசா கைகாட்டிக்கொண்டே இருந்தார். இவனை யார் கூட்டிப்போவார்கள் என்று நினைத்தார்.

மங்கோனுயியில் மீன் பொரியல் வாங்கிக் கடல் பக்கமாக ஒரு பலகையில் இருந்து சாப்பிட்டார். அருமையான மீன். அதைச் சொல்ல ஒரு ஆளில்லை என்பது தொண்டையில் முள்ளாக நின்றது. கப்பலில் கூட வந்த மார்கரெட் என்ற கிழவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன்னைக் கூட்டிப்போக மகன் வருவான் என்றாள். உன்னை யார் கூட்டிப்போவார்கள் என்றும் கேட்டாள்.

"எங்கள் ஆட்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார் ஆனந்தராசா. "ஒரு கூட்டமே வரும்."

சொன்ன பொய் திரும்பி வந்த வழியெல்லாம் கூடவே வந்தது. ஞாயிறு காலை ஒக்லாந்தில் கப்பல் கட்டியபோது, மார்கரெட் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, உன் கூட்டம் எங்கே என்று ஆசையாகச் சுற்றிப் பார்த்தாள். கார் விட இடம் தேடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அவமானத்தில் காது சுட, பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். விமான நிலைய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, இந்த நாட்டுக்கு வந்த முதல்நாள் ஏறிய பஸ்தான் நினைவில் வந்தது. இத்தனை வருடத்தில் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றியது.

வான் நிற்கும் வளவுக்குப் போகும் வழியில், பழக்கதோஷம், கால் அவரை வருகை மண்டபத்துக்குள் கொண்டுபோனது. ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று நினைத்தார். அப்போதுதான் கம்பியடியில், தான் எப்போதும் நிற்கும் இடத்தில், முதுகு காட்டி நின்ற மூன்று பேரைக் கண்டார். தியாகலிங்கம். சுடுதண்ணிப் போத்தலோடு கௌரி. கம்பியில் தொங்கிக்கொண்டு பிரணவி.

யாரோ வருகிறார்கள். தனக்குச் சொல்லவில்லை. கூட்டிவர இப்போது வேறு வாகனம் இருக்கிறது போலும். அந்த வேலையும் போய்விட்டது என்று நினைத்தார். சத்தம் போடாமல் திரும்பினார்.

"சிங்கப்பூர்ப் பிளேனிலையும் காணேல்லை," என்று கௌரி சொன்னது காதில் விழுந்தது. "அண்ணை எந்த நாட்டுக்குப் போனவர் எண்டு ஒரு வார்த்தை கேக்காம விட்டிட்டமே. எனக்கு அண்டையிலையிருந்து மனசு சரியில்லை."

"ஞாயித்துக்கிழமை காலமை வந்து இறங்குவன் எண்டுதானே சொன்னவர்," என்றார் தியாகலிங்கம். "வருவார். அடுத்தது சிட்னிப் பிளேன், அதையும் பாப்பம்."

ஆனந்தராசா நின்றுவிட்டார். கூப்பிடவில்லை. கதவு திறந்தது, மூன்று தலைகளும் எட்டிப் பார்த்தன. யாரோ வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். மூன்று தலைகளும் சோர்ந்தன. மறுபடி திறந்தது, மறுபடி எட்டிப் பார்த்தன. கண் மறைக்க மறைக்கத் துடைத்துக்கொண்டு, தனக்காக ஆட்கள் காத்து நிற்பதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிரணவிதான் முதலில் திரும்பினாள். "அம்மா, அங்கிள் இஸ் பிஹைண்ட் அஸ்," என்றாள்.

"எந்தப் பிளேன் அண்ணை? நாங்கள் விடியக் காலமையிலையிருந்து நிக்கிறம்," என்றார் தியாகலிங்கம்.

"கப்பல்," என்றார் ஆனந்தராசா.

கௌரி அவர் கையிலிருந்த பையைப் பிடித்தாள். "தாங்கோ அண்ணை," என்றாள். எத்தனையோ பேரின் பைகளை வாங்கிய கை அது, கொடுத்துப் பழக்கமில்லை. அவள் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் விட்டது.