கலீமுல்லாவின் இடது கை

ரேடியோவில் காலைச் செய்திக்கு முன் வரும் கடைசி ‘பீப்’புக்காகக் கலீமுல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். விரல்கள் கைக்கடிகாரத்தின் சாவியில். ஒலி வந்ததும் சாவியை அமுக்கிவிட்டு, இடது சட்டைக் கையை மட்டும் முழங்கை வரை மடித்துக்கொள்கிறார். வலது கை பொத்தான் போட்டபடியே இருக்கும். கச்சேரி ரோடு டீக்கடையில் அவருக்குப் ‘பாதிச் சட்டை பாய்’ என்று பெயர்.

மனைவி அன்வரி பேகம் இறந்து நான்கு வருடமாகிறது. அறையில் அவரோடு பேசுவது ரேடியோ ஒன்றுதான். அதுவும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

அடையாறில் மின்விசிறி செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் அறை அவர் பொறுப்பு. கம்ப்யூட்டருக்குத் தெரியாததே இல்லை என்று ஊர் பேசுகிறது. அதற்கு மணி தெரியாது என்பது கலீமுல்லாவுக்குத்தான் தெரியும். கரண்டு தளர்ந்தால் அதன் கடிகாரமும் தளர்ந்துவிடும். விடிவதற்குள் மூன்று நிமிடமாவது பின்தங்கும். வாசல் பெட்டியில் ஆட்கள் அட்டையைச் செருகினால் பதிவாவது அந்த நேரம்தான். அதனால் எட்டரை ஷிப்டுக்கு எட்டு மணிக்கே போய், தன் கையைப் பார்த்து அதைத் திருத்திவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன் வரை மத்தியானத்தில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஆள் இருந்தது. ஃபிட்டர் தங்கவேல் கே.கே. நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அந்த மூணு நிமிசத்த அப்டியே வுட்டாத்தான் இன்னா பாய்? மெஷினுக்கா தெரியப் போவுது?”

“மெஷினுக்குத் தெரியாது தங்கவேலு. எனக்குத் தெரியுமே.”

மறுநாள் தங்கவேல் வேறு மேஜைக்குப் போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். கலீமுல்லாவுக்கு வலித்தது. ஆனால் கடிகாரத்தைத் திருத்துவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அடையாறு பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது. இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது அவர் கையில் எட்டு முப்பத்திரண்டு. வாசல் பெட்டியில் எட்டு இருபத்தொன்பது. அட்டையைச் செருகியிருந்தால் தப்பித்திருப்பார். காவல்காரர் இசக்கிமுத்துகூட, “போடுங்க பாய், நேரமிருக்கு” என்று வழிவிட்டார். கலீமுல்லா அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே உள்ளே போனார். கடிகாரத்தைத் திருத்தினார். திரும்பி வந்து அட்டையைச் செருகினார். எட்டு முப்பத்தாறு என்று சிவப்பில் விழுந்தது. இசக்கிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். பத்து மணிக்குள் அவர் வாயால் கம்பெனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

தாமதமாக வந்தவர்கள் பன்னிரண்டு மணிக்கு மானேஜர் அறை வராந்தாவில் வரிசையாக நிற்க வேண்டும். அன்றைக்கு ஐந்து பேர். கலீமுல்லா கடைசியில், வெயில் விழும் இடத்தில் போய் நின்றார். அவருக்கு முன்னால் தங்கவேல். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, மின்விசிறிக்குக் கீழே ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்.

“இப்டி வா பாய். இன்னும் எவ்ளோ நேரம் நிக்க வெப்பானோ.”

கலீமுல்லா உள்ளே தள்ளி நின்றார். கையைப் பார்க்கவில்லை. மடித்திருந்த இடது சட்டைக் கையை மெல்ல இறக்கி, கடிகாரத்தை மூடிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.