சொக்லேட் பாணியும் ஒரு கரித்துண்டும்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எனக்கு வேலை சொல்வார்கள். ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாக மற்றவர் சொல்வார். இரண்டையும் நான் செய்ய வேண்டும். செய்யாவிட்டாலும் ஏச்சு, செய்தாலும் ஏச்சு. பத்து வயதில் எனக்கிருந்த பெரிய துன்பம் அதுதான். கணக்குப் பாடம்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் இருந்தது. அந்த இரண்டு பேர் அம்மாவும் அக்காவும். அந்தச் சொக்லேட் பாணிக் கதையை இன்று நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது எரிச்சல். மற்றதெல்லாம் அதன் பிறகுதான் மெல்ல வந்து சேர்கிறது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். படிப்பு முடிந்து, நகரத்தில் ஆறு மாதம் சமையல் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழும் கையுமாக வீட்டில் இருந்தாள். கல்லடிப் பக்கம் புதிதாக ஒரு ஐஸ்கிரீம் கடை திறக்கப் போகிறார்கள், உள்ளே வேலைக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று பயிற்சி வகுப்பிலிருந்து தகவல் வந்தது. ஐஸ்கிரீமுக்கு மேல் ஊற்றுகிற சொக்லேட் சோஸை வீட்டில் தன் கையால் காய்ச்சி ஒரு போத்தலில் கொண்டுவர வேண்டும். ருசி பார்த்துத்தான் ஆளை எடுப்பார்களாம். இது சரிவராவிட்டால் என்ன நடக்கும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமா ஏற்கெனவே ஆடைத் தொழிற்சாலைக்கு அவளுடைய படிவத்தை நிரப்பி வைத்திருந்தார். விடியற்காலையில் தொழிற்சாலை வான் வண்டி வரும், ஏறிப் போய், நாள் முழுக்கக் காற்சட்டைக்குப் பை தைத்துவிட்டு இருட்டியதும் வந்து இறங்க வேண்டும். அக்காவுக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது. தன் சட்டைக்குப் பொத்தான் தைக்கவே என்னைக் கூப்பிடுகிறவள் அவள்.

அதனால் அந்தக் கிழமை முழுவதும் எங்கள் குசினி அடுப்பில் சொக்லேட்தான். சோஸ் என்றால் அம்மாவுக்குத் தக்காளிச் சோஸ் மட்டும்தான். தயிருக்கு மேல் ஊற்றுவது கித்துள் பாணி, ஆகவே ஐஸ்கிரீமுக்கு மேல் ஊற்றுவது சொக்லேட் பாணி என்று அம்மா பெயர் வைத்துவிட்டார். அக்கா திருத்தித் திருத்திப் பார்த்துக் கடைசியில் தானும் பாணி என்றே சொல்லத் தொடங்கினாள்.

முதல் நாள் விறகடுப்பில் வைத்தாள். கொக்கோத் தூளும் சீனியும் பாலும் சேர்ந்து ஒரு கொதி வருவதற்குள் அடி பிடித்துவிட்டது. தீ கூடிவிட்டது என்று அக்கா சொன்னாள், பாலுக்குக் கண்ணூறு பட்டது என்று அம்மா சொன்னார். விடிய விடியச் சட்டி சுரண்டியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் நாள் நன்றாகத்தான் வந்தது. அக்கா முகம் கழுவப் போன நேரத்தில் அம்மா அதில் நாலு ஏலக்காயைத் தட்டிப் போட்டுவிட்டார். திரும்பி வந்தவள் மணத்தைப் பிடித்ததும் அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள்.

“ஏன்கா போட்டீங்க? உங்கட்டக் கேட்டனா?” என்று அம்மாவிடம் பாய்ந்தாள்.

“மணம் இல்லாத இனிப்பு ஒரு இனிப்பாகா? தின்னுறவன் துப்பிப் போடுவான்.”

வட்டையில் வயல் வேலை முடித்து வந்த அப்பா அந்தப் பாணியை எருமைத் தயிருக்கு மேல் ஊற்றி, இரண்டு கோப்பை சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கிறது, இதற்கு ஏன் சண்டை என்று கேட்டார். அவரை இரண்டு பேரும் சேர்ந்து ஏசினார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்ததை அந்தக் கிழமையில் நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

மூன்றாம் நாள் அக்கா குசினிக்குள் அம்மாவை விடவில்லை. என்னைக் கதவடியில் காவலுக்கு வைத்தாள். ஒரு சட்டியில் தண்ணீரைச் சுடவைத்து, அதன் வாயில் ஒரு கிண்ணத்தை வைத்து, அந்தக் கிண்ணத்துக்குள் கொக்கோத் தூளையும் சீனியையும் பாலையும் கொட்டிக் கிண்டினாள். நெருப்பு கிண்ணத்தைத் தொடவே இல்லை, ஆவிதான் தொட்டது. ஒரு சிட்டிகை உப்பு, கடைசியில் ஒரு கட்டி மாஜரின். கை வலிக்குதென்று என்னிடம் கரண்டியைத் தந்தாள். நான் கிண்டினேன், காவலும் பார்த்தேன். அம்மா வெளியில் நின்று, தண்ணீரைக் காய்ச்சி அதற்கு மேலே சட்டி வைத்துக் காய்ச்சுகிறதை எந்த ஊரில் கண்டீர்கள், விறகு என்ன மரத்தில் சும்மாவா காய்க்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார்.

“இப்பிடித் தண்ணிக்கு மேல வச்சா அடி பிடிக்காது, தெரியுமா?” என்றாள் அக்கா என்னிடம். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் ஓம் என்று தலையாட்டினேன். என் கவனமெல்லாம் கரண்டியை யார் நக்குவது என்பதில்தான் இருந்தது.

வழுவழுவென்று, மினுமினுவென்று, கரண்டியிலிருந்து நூலாக இறங்கியது பாணி. வாய் அகலமான ஜாம் போத்தலொன்றைக் கழுவிக் காயவைத்து அதில் ஊற்றினாள். அடுத்த நாள் காலையில் புறப்பட வேண்டும். துணைக்கு நான்.

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். நகரத்துக்குப் போவதென்றால் அம்பிளாந்துறையில் பாதை ஏறி அக்கரைக்குப் போய் பஸ் எடுக்க வேண்டும். பாதை என்பது தெரு இல்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் ஆறு என்று சொல்கிற அந்த வாவியைக் கடக்கிற தட்டையான மிதவை. அம்மாவுக்கு அதுதான் பிரச்சினை. இனிப்புப் பண்டம், அதுவும் குமர்ப்பிள்ளை கையில், அதுவும் ஆற்றுக்கு மேலால். மணத்துக்குப் பின்னால் பேய் வரும். ஆகவே ஒரு கரித்துண்டு வைக்க வேண்டும். பொரியலோ இறைச்சியோ பலகாரமோ, எங்கள் வீட்டிலிருந்து ஒரு கரித்துண்டில்லாமல் வெளியே போனதே இல்லை.

அக்கா இந்த முறை முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடைக்காரர் வெளிநாட்டு ஹோட்டல்களில் வேலை செய்தவராம், பையைத் திறக்கும்போது கரி விழுந்தால் மானம் போய்விடும் என்றாள். அம்மா சரி என்று வாயை மூடிக்கொண்டார். அம்மா வாயை மூடிக்கொண்டால் நான் கவலைப்பட வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். அக்கா சேலை உடுத்தப் போனதும், என் உள்ளங்கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டைக் கரித்துண்டு வந்து விழுந்தது.

“போத்தலோட சேத்து வச்சிரு புள்ள. அவளுக்குச் சொல்லாத.”

“அக்கா வேணாமெண்டவ.”

“அவளுக்கு ஒண்டும் தெரியா. ஆத்துக்கு நடுவுல ஏதும் நடந்தா மறுகா ஆருக்குச் சொல்லி அழுற?”

இதற்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை என்ன செய்வது? பையில் வைத்தால் அக்கா கண்டுபிடிப்பாள். பையை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டாள். வைக்காவிட்டால் ஆற்று நடுவில் பேய். என் சட்டைக்குப் பையும் இல்லை. யோசித்தேன். கரியும் கறுப்பு, பாணியும் கறுப்பு. போத்தலைத் திறந்து, துண்டை உள்ளே போட்டு, கரண்டிக் காம்பால் அடிவரை அமுக்கிவிட்டு, மூடியை இறுக்கினேன். ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்குக் கரி வைத்தாயிற்று, அக்காவுக்குக் கரி தெரியாது. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்திய ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆற்றையும் ஒரு கரைச்சலும் இல்லாமல் கடந்தோம்.

கடையில் இன்னும் சுவருக்குப் பெயின்ற் மணம். எங்களுக்கு முன்னால் நகரத்துப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களின் போத்தல்களுக்கு ரிபன் கட்டியிருந்தது. எங்கள் கடதாசிப் பையைப் பார்த்து ஒருத்தி மற்றவளின் காதுக்குள் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா பையைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

கடைக்காரர் நல்ல மனிதர். எங்களை இருக்கச் சொன்னார், எனக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தார். போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, எப்படிக் காய்ச்சினீர்கள் என்று கேட்டார். அக்கா படபடவென்று சொன்னாள். தண்ணீர்ச் சட்டி, கிண்ணம், ஆவிச் சூடு, கடைசியில் மாஜரின், ஒரு சிட்டிகை உப்பு. அவர் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். ஒரு கோப்பை ஐஸ்கிரீமுக்கு மேல் பாணியை ஊற்றினார், ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

“மாஷா அல்லாஹ். கை நல்ல கை, தங்கச்சி.”

அக்கா என் கையைப் பிடித்து இறுக்கினாள். எனக்கு வலித்தது. வேலை கிடைத்துவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம் என்று போத்தலை நன்றாகச் சரித்தார். கறுப்பாக ஒன்று மெல்ல வழுக்கி வந்து, வெள்ளை ஐஸ்கிரீமின் நட்ட நடுவில் உட்கார்ந்தது.

அவர் அதைக் கரண்டியால் எடுத்துப் பார்த்தார். ரிபன் கட்டிய போத்தல்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். “இது என்ன, தங்கச்சி?”

அக்கா அந்தத் துண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் இவள் இப்போது போட்டு உடைக்கப் போகிறாள், அம்மாவின் பேயும் வெளியே வரப் போகிறது, இவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

“அடி பிடிச்சிட்டு, சேர்,” என்றாள் அக்கா. “சட்டியில ஒட்டினதை நான் கவனிக்கல்ல.”

கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, சோஸுக்குள்ள தூசி துரும்பு விழுறது பெரிய விஷயமில்ல, வடிச்செடுக்கலாம். ஆனா பொய் சொல்ற ஆளை வச்சுக் குசினி நடத்த ஏலாது.”

எனக்கு அந்த ஆளின் மேல் கோபம்தான் வந்தது. அடி பிடித்தது என்று சொன்னதில் என்ன பொய்? முதல் நாள் அடி பிடித்ததுதானே, கறுப்பாகத்தானே இருந்தது, நான்தானே சுரண்டினேன்? அக்கா எழுந்து அவரைக் கும்பிட்டாள். போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

திரும்பி வரும்போது பாதையில் நல்ல காற்று. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதை அடி பிடித்த துண்டென்றே அக்கா நம்பிவிட்டாள், நான் தப்பிவிட்டேன் என்ற ஆறுதலில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம், இப்படியா அடி பிடிக்க விடுகிறது, இனித் தொழிற்சாலை வானில்தான் போக வேண்டும் என்று அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். வீட்டில் அம்மா கேட்டதற்கு, முதலே ஆள் எடுத்துவிட்டார்களாம் என்றாள். நல்லகாலம் கரி வைத்தது, இல்லாவிட்டால் ஆற்றில் என்னவாகியிருக்குமோ என்பதுபோல அம்மா எனக்கு மட்டும் கண்ணைக் காட்டினார்.

அக்கா நாலு வருஷம் அந்த வானில் போய் வந்தாள். கலியாணத்துக்குப் பிறகுதான் விட்டாள். இப்போது வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறாள், பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து சொல்லி வைத்து வாங்குகிறார்கள். போன மாதம் நான் போயிருந்தபோது ஒரு கேக்குக்குப் பாணி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அதே தண்ணீர்ச் சட்டி, மேலே கிண்ணம். கரண்டியை என்னிடம் தந்துவிட்டுப் பெட்டி எடுக்கப் போனாள். நெருப்பு கூடவாக இருந்தது போலத் தெரிந்தது. அக்கா, அடி பிடிக்கப் போகுது என்று கத்தினேன்.

“தண்ணிக்கு மேல வச்சது எப்பிடிப் புள்ள அடி பிடிக்கும்?” என்றாள் அங்கிருந்தபடியே.

நான் கரண்டியை நிறுத்திவிட்டேன். இருபத்து நாலு வயது எனக்கு, படித்தவள் என்று பெயர் வேறு. ஆவிச் சூடு என்று அவள் வாயாலேயே கேட்டுவிட்டுத்தான் அன்று அந்தக் கடைக்காரர் கரண்டியைக் கையில் எடுத்தார். அடி பிடித்தது என்று அவள் சொன்னதுமே பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அந்தக் கடைக்குள் அது தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

அக்கா பெட்டியோடு வந்து, கேக்குக்கு மேல் பாணியை ஊற்றி, அதைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அம்மா இப்போது அவளோடுதான் இருக்கிறார், இன்னமும் அதே அம்மாதான். பின்னாலேயே வந்து என் கையில் ஒரு கரித்துண்டைத் தந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அக்கா நிமிரவில்லை. பெட்டி கட்டுகிற நூலை வெட்டி என்னிடம் நீட்டினாள்.

“இந்தா. இந்தமுற வெளியில கட்டு.”