அராசெலி காலி செய்த சுவர்

உங்களை யார் கூப்பிட்டார்கள்?

கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். பார்சிலோனாவில் நூறு வருஷத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டிருக்கிற கோயிலை அண்ணாந்து பார்த்தீர்கள். கிரனாடா அரண்மனைக்கு மூன்று மாதம் முன்பே சீட்டு வாங்கினீர்கள். கோர்தோபாவில், பள்ளிவாசலின் வயிற்றுக்குள் எழுப்பிய தேவாலயத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். அந்த ஊர்களில் குடியிருக்கிற ஒரே ஒரு ஆளாவது வாசலுக்கு வந்து "வாங்க" என்று சொன்னாரா? விமானக் கம்பெனி சொன்னது, விடுதி சொன்னது, உங்கள் கைப்பேசி சொன்னது. குடியிருக்கிறவர் சொன்னாரா?

அராசெலி சொன்னாள். அவள் செய்த தப்பு அதுதான்.

அராசெலி லூக்கே, வயது ஐம்பத்தெட்டு. கோர்தோபாவில் சாந்தா மரீனா பக்கம் ஒரு சந்தில், முற்றம் வைத்த பழைய வீட்டில், கீழ்த்தளத்தில் இரண்டு அறை அவளுக்கு. எதிர்மூலையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அசிஸ்க்லோவுக்கு ஓர் அறை. மேல்தளத்தில் முன்பு மூன்று குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போனபின் யாரையும் குடிவைக்கவில்லை. அராசெலிக்கு ஆற்றோரத்து ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பாவது இஸ்திரி போடுவாள். ஊர் பார்க்க வந்தவன் படுத்துப் புரண்ட துணியில்தான் அவளுக்குச் சோறு. அதை அவள் மறைத்ததும் இல்லை, அதற்காக யாருக்கும் கும்பிடு போட்டதும் இல்லை.

வேலை முடிந்து வந்தால் முற்றம். நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை கம்பி வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் நீலத் தொட்டி. நானூற்றுப் பன்னிரண்டு. ஜெரேனியம், கார்னேஷன், மல்லிகை, பேர் தெரியாத தொங்குகொடிகள். உயரத்தில் இருப்பவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற நீள மூங்கில், அதன் நுனியில் கட்டிய தகர டப்பா. தண்ணீர் தளும்பாமல் டப்பாவைத் தலைக்கு மேலே கொண்டுபோய்த் தொட்டி விளிம்பில் சாய்க்க வேண்டும். கோடையில் தினம் மூன்று மணி நேரம் ஆகும். அவளுடைய வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருக்கும்.

இந்தச் செடிகளில் ஒன்றைக்கூட அவள் கடையில் வாங்கவில்லை. அந்தத் தெருக்களில் செடியைக் காசு கொடுத்து வாங்குவது மானக்கேடு. கேட்டு வாங்கினாலும் பிழைக்காது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று அங்கே கல்லூரியில் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். செடிக்கு மண்ணும் தண்ணீரும் தெரியும், களவு எங்கே தெரியும்? ஆனாலும் சடங்கு நடக்கும். அராசெலி போய் உட்கார்ந்து பூவைப் புகழ்வாள். வீட்டுக்காரி கத்தரிக்கோலை எதேச்சையாக மேசைமேல் வைத்துவிட்டு, "இரு, காபி போட்டுட்டு வரேன்" என்று உள்ளே போவாள். திரும்பி வரும்போது ஒரு கிளை குறைந்திருக்கும். இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். எந்தக் கிளை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று திருடியவளுக்கும் தெரியும், பறிகொடுத்தவளுக்கும் தெரியும்.

வீட்டுச் சொந்தக்காரக் கிழவி போன வருஷம் செத்தாள். மாட்ரிட்டில் இருந்த அவளுடைய அக்கா மகன் கொன்சாலோவுக்கு வீடு போனது. பிப்ரவரியில் வந்தான். நல்ல சட்டை, நல்ல வாய்.

"ஜூனோட உங்க ஒப்பந்தம் முடியுதும்மா."

"உங்க சித்தி இருந்தவரைக்கும் வருஷா வருஷம் நீட்டிக் குடுப்பாங்க தம்பி. இருபத்தாறு வருஷமா இருக்கேன்."

"எனக்கும் ஆசைதான். வீட்டுக்கு ஒரு பேரு வந்துட்டா நல்லா இருக்கும். இந்த மே மாசம் நகராட்சி நடத்துற பூ முற்றப் போட்டியில சேருங்களேன். பரிசு வாங்கின முற்றத்துக்குத் தண்ணி ஊத்துற ஆளை எவனாவது வெளிய அனுப்புவானா?"

அவள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். திரும்பப் படியுங்கள். அவன் கேள்விதான் கேட்டான்.

போட்டியில் சேர்ந்தால் மே மாதம் இரண்டு வாரம் காலையும் மாலையும் வாசற்கதவைத் திறந்து வைக்க வேண்டும். கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். இத்தனை வருஷம் அராசெலி சேராமல் இருந்தாள். இந்த முறை சேர்ந்தாள். விடுமுறையை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு சுண்ணாம்பு அடித்தாள், தொட்டிகளுக்கு நீலம் பூசினாள். அசிஸ்க்லோ ஏணியைப் பிடித்தான்.

"ரஃபேல் தேவதூதருக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். நம்ம வீடு தங்கும், பாரு."

"யோவ், அவரு ஊரு முழுக்கக் கம்பத்து மேல செலையா நிக்கிறாரு. அவருக்கே கீழ எறங்கித் தங்க ஒரு வாடகை அறை கெடைக்கல. ஏணியை ஒழுங்காப் புடி."

கதவு திறந்தது. முதல் நாளே சந்து முனைவரை வரிசை. நல்லவர்கள் வரவில்லை என்று சொல்லமாட்டேன். மூக்கை நீட்டி மோந்து, நன்றி சொல்லிப் போனவர்கள் உண்டு. ஆனால் அவளுடைய அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்து பார்த்தவளும் உண்டு. "இங்க நெசமாவே ஆளு குடியிருக்காங்களா?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டவனும் உண்டு. இன்னொருவன் தகர டப்பாவை இன்னொரு தரம் தூக்கச் சொன்னான். வெளிச்சம் சரியில்லையாம், மறுபடி தூக்கச் சொன்னான். பனியனோடு உட்கார்ந்து குளிர்ந்த தக்காளிக் கூழ் குடித்துக்கொண்டிருந்த அசிஸ்க்லோவின் திரையை விலக்கி ஒருத்தி படம் எடுத்தாள்.

"வாம்மா, வா," என்றான் அவன். "பல்செட்டைக் கழட்டிக் கழுவப் போறேன். அதையும் எடுத்துக்க."

அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள். அதையும் எடுத்தாள்.

"சிரிச்சுக்கிட்டே நில்லு," என்று அராசெலி பல்லைக் கடித்தாள். "இன்னும் ஒம்பது நாளு. வீட்டுக்காகத்தான்."

இரண்டாம் பரிசு கிடைத்தது. சந்து முனை ரொட்டிக்கடை நியேவெஸ் ஒயின் கொண்டுவந்தாள். அராசெலி அன்று அழுதாள். பரிசுக்காக இல்லை, ஜூலையிலும் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று நினைத்து.

கடைசி ஞாயிறு, மதியம் கதவடைத்திருந்த நேரத்தில் கொன்சாலோ வந்தான். கூட ஒரு பெண், கையில் அளவு பார்க்கும் கருவி. அவள் அராசெலிக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே படுக்கையறைச் சுவரை அளந்துவிட்டாள். வீடுகளை வாங்கி, நாள் வாடகைக்கு விடும் கம்பெனியிலிருந்து வந்தவள்.

"பிரமாதம்மா!" என்றான் கொன்சாலோ. "உங்களாலதான் இந்த வீட்டை வாங்க ஆளு வந்துச்சு. அஞ்சு சின்னச் சின்ன வீடா பிரிக்கப் போறாங்க. வியாழக்கிழமை கையெழுத்து."

"நானு?"

"ஜூன் முப்பது வரைக்கும் தாராளமா இருங்க."

அசிஸ்க்லோ எழுந்து நின்றான். அளக்க வந்தவள் சமாதானக் குரலில் பேசினாள்: "நீங்க போயே ஆகணும்னு இல்லைங்க. காலையில ரெண்டு மணி நேரம் வந்து தண்ணி ஊத்துங்க, சம்பளம் குடுக்குறோம். அந்த மூங்கிலோட, இந்த நீல ஏப்ரனோட. தங்குறவங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். விளம்பரத்துல போடப்போற படத்துலயும் நீங்கதான் இருக்கீங்க."

"வந்து ஊத்தறதுன்னா, எங்கேயிருந்து வர?"

"அது... நெடுஞ்சாலைக்கு அந்தாண்ட வீடு மலிவு."

"செடியில கை வெச்சுடாதீங்க," என்றான் கொன்சாலோ. "முற்றம் படத்துல இருக்குற மாதிரியே ஒப்படைக்கணும்னு பத்திரத்துல எழுதியிருக்கு. செடியெல்லாம் வீட்டோட சேந்தது."

அராசெலி அவனை நிதானமாகப் பார்த்தாள். "அப்படியா? இதுல உங்க சித்தி வெச்சது எது தம்பி? ஒண்ணே ஒண்ணு காட்டு."

அவனுக்கு ஜெரேனியத்துக்கும் முள்ளங்கிக்கும் வித்தியாசம் தெரியாது. அளக்க வந்தவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

அன்று சாயங்காலம் கடைசி முறையாகக் கதவைத் திறந்தாள், வரிசை முடிந்ததும் மூடினாள். அவள் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு கணக்கு அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் விலை பேசியது வீட்டை அல்ல. வீட்டில் குழாய் ஒழுகுகிறது, உத்தரம் வளைந்திருக்கிறது. விலை பேசியது சுவரை. சுவர் அவளுடையது.

திங்கட்கிழமை காலை ரொட்டிக்கடைக்குப் போனாள்.

"நியேவெஸ், உங்கிட்ட பதினெட்டு கிளை திருடியிருக்கேன்."

"பத்தொம்பது," என்றாள் நியேவெஸ். "வெள்ளைக் கார்னேஷனை விட்டுட்ட. அதுக்கென்ன இப்ப?"

"வந்து எடுத்துட்டுப் போ."

நியேவெஸ் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். கடையைச் சாத்தினாள். பத்து மணிக்குள் சேதி நாலு தெருவுக்குப் போய்விட்டது. பறிகொடுத்தவர்கள் எல்லாம் வந்தார்கள், தள்ளுவண்டியோடு, குழந்தை வண்டியோடு, வெறுங்கையோடு. அராசெலி ஏணிமேல் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேர் சொல்லிக் கொடுத்தாள். "இது உன் மாமியாரோடது, பிடி." "இது உன்னோடது. அன்னைக்கி நீ போட்ட காபி வாயில வெக்க முடியல, அதையும் சொல்லிடுறேன்." யாரோ அழுதார்கள். "அழாதடி, தொட்டி வழுக்கும்," என்று அதட்டினாள். மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டும் வெளியேறின. சுவரில் மிஞ்சியது துருப்பிடித்த வளையங்களும், ஒவ்வொன்றுக்கும் கீழே தண்ணீர் வழிந்த பழுப்புக் கறையும்.

வியாழக்கிழமை கையெழுத்துக்கு முன் முற்றத்தைப் பார்க்க வந்த கம்பெனிப் பெண் வெறும் வளையங்களை ஒரு படம் எடுத்தாள். பிறகு திரும்பிக் காருக்குப் போனாள். கையெழுத்து நடக்கவில்லை.

கொன்சாலோ திருட்டுப் புகார் கொடுத்தான். செடி உன்னுடையது என்பதற்கு ரசீது எங்கே என்று போலீஸ்காரர் அராசெலியைக் கேட்டார்.

"அவர்கிட்ட இருக்கான்னு கேளுங்க ஐயா. எனக்கு சாட்சி நாலு தெரு இருக்கு."

புகார் அங்கேயே செத்தது.

இது வெற்றிக் கதை என்று நினைத்துப் புத்தகத்தை மூடாதீர்கள். ஜூன் முப்பது வந்தது. அராசெலியும் அசிஸ்க்லோவும் வீட்டைக் காலி செய்யவில்லை. வாடகையை மாதா மாதம் அனுப்புகிறார்கள், கொன்சாலோ திருப்பி அனுப்புகிறான். அவர்களை வெளியேற்ற அவன் போட்ட வழக்கு நடக்கிறது. இதற்கிடையில் அவன் மேல்தளத்துக்கு வெள்ளையடித்து, தானே நாள் வாடகைக்கு விட ஆரம்பித்துவிட்டான். விளம்பரத்தில் மே மாதத்து முற்றம் இருக்கிறது, மூங்கிலைத் தூக்கி நிற்கிற அராசெலியும் இருக்கிறாள். அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. வந்து இறங்குகிறவர்கள் வெறும் சுவரைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள், பெட்டியை அவள் சன்னலுக்கு அடியில் தடதடவென்று உருட்டுகிறார்கள். ஒருவன் அவள் கதவைத் தட்டி, "பூவெல்லாம் எங்கே?" என்று கேட்டான்.

"வீட்டுக்குப் போயிடுச்சு," என்றாள். "நீயும் போ."

அவள் சொன்னது மரியாதையில்லாத பேச்சு என்று உங்களுக்குத் தோன்றினால், அவள் வாசலில் ஒரு வாரம் குடியிருந்து பார்த்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள். ஊரைப் பார்ப்பது பாவம் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. ஆற்றோரத்து ஓட்டலில் அறைகள் இருக்கின்றன. அங்கே யாரையும் கிளப்பிவிட்டு நீங்கள் படுக்கப்போவதில்லை. சலவைக் கூடத்தில் அராசெலிக்கும் வேலை இருக்கும். மேல்தளம் காலியாகக் கிடந்தால், கீழ்த்தளத்தில் இருப்பவளைத் துரத்திக் கொன்சாலோவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவனுடைய வழக்கை நடத்துவது வக்கீல் இல்லை, மேல்தளத்தில் காசு கொடுத்துப் படுக்கிறவர்கள்தான்.

அதனால் அடுத்த முறை ஸ்பெயினுக்குப் போகும்போது, பழைய தெருவில் அழகான முற்றத்தோடு ஒரு வீடு உங்கள் கைப்பேசியில் வந்தால், பணம் கட்டுமுன் விளம்பரக்காரனுக்கு ஒரு வரி எழுதுங்கள்: இந்த வீட்டில் குடியிருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.