கொல்லிமலையில் நான் அறுத்த மரங்களும் அவற்றில் இருந்த பறவைகளும்

மரம் அறுக்கிற மிசின் ஓடும்போது காதில் வேறெதுவும் விழாது. இந்தத் தொழிலில் அது ஒரு வசதி. இருபது வருஷமாக அடிவாரத்திலிருந்து மலையேறிப்போய் மரம் அறுக்கிறேன். மேலே இருக்கிறவர்களுக்கு நான் ‘மிசின் பாய்’. பிழைப்புக்காக ஒன்றைச் செய்துவிட்டு, சோற்றில் கை வைக்கும்போது அதையே நினைத்துக்கொள்கிற ஆளா நீங்களும்? அப்படியென்றால் உங்களிடம் சொல்லலாம்.

பொந்து

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எடப்புளி நாட்டில் சின்னசாமி என்று ஒரு விவசாயி. காட்டோரத்து மரங்களை எடுத்துவிட்டு, மிளகுக்கொடி ஏற்ற சில்வர் ஓக் நடவேண்டும் என்றார். நேராக வளரும், சீக்கிரம் வளரும் என்று நானும்தான் ஒத்து ஊதினேன்.

மூன்றாவது மரம் விழுந்ததும் அதன் காய்ந்த கிளை ஒன்று பிளந்தது. உள்ளே பொந்து. நாள் முழுக்க குட்ரூ குட்ரூ என்று கத்துமே, பச்சைக் குக்குறுவான், அதன் குஞ்சுகள் இரண்டு. இன்னும் கண் திறக்கவில்லை. தாய் வாயில் பழத்தோடு பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அங்குமிங்கும் பறந்தது. அப்புறம் காணோம். சின்னசாமி குஞ்சுகளைத் துண்டில் வைத்து வாழைப்பழத்தை மசித்து ஊட்டிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் இரண்டும் செத்துப்போயின. அவரே குழி தோண்டி மூடிவிட்டு, மண்வெட்டியை ஊன்றியபடி சொன்னார்:

“மரம் வேணும்னா வேற நட்டுக்கலாமுங்க பாய். இதுங்களை எங்கீங்க நடறது?”

நிழல்

சில வருஷம் கழித்து அதே தோட்டத்துக்குக் கிளை கழிக்கப் போனேன். சில்வர் ஓக் எல்லாம் வரிசை பிடித்து நின்றது. மிளகு நன்றாகக் காய்த்திருந்தது. சின்னசாமியின் மனைவி பாப்பாத்தி வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தார். மிசினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். நிறுத்தியும் ஒரு சத்தமும் இல்லை. ரோட்டுப் பக்கம் ஒரு காக்கா மட்டும் கத்தியது. “இங்கே குருவியெல்லாம் வர்றதில்லையாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

“நெழலு இருக்குதுங்க, பழந்தான் இல்லை. திங்க ஒண்ணுமில்லாத ஊட்டுக்கு ஆருங்க வருவா?”

மயில்

ஆலத்தூர் நாட்டில் ஒரு சரிவையே மொட்டையடித்துக் கொடுத்தேன். அடுத்த வருஷம் நிலத்துக்காரர் ரோட்டில் பஸ்ஸை மறிக்காத குறையாக என்னை நிறுத்தினார். “பாய், எங்க காட்டுக்கு மயிலு வந்திருக்குது! எங்கப்பன் காலத்துல கீழ போனாத்தான் மயிலு. முருகனே மேல ஏறி வந்த மாதிரி இருக்குதுங்க” என்றார். அடர்ந்த மரங்கள் போய் வெட்டவெளியானதால் கீழ்நாட்டுப் பறவை மேலே ஏறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருஷம் விதைத்த சாமையை மயில்கள் கிளறித் தின்றுவிட்டன. கையில் தகர டப்பாவோடு வரப்பில் நின்றிருந்தார்.

“கும்புடறதா வெரட்டறதான்னு தெரியாம நிக்கறனுங்க பாய்.”

பச்சைப்புறா

பழனிசாமி என் கூட்டாளி. நான் அறுப்பேன், மரம் சாய வேண்டிய பக்கம் அவர் கயிறு இழுப்பார். பன்னிரண்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். பைல் நாட்டில் வெளியூர்க்காரர் ஒருவர் காட்டேஜ் கட்ட இடம் வாங்கியிருந்தார். நடுவில் பெரிய ஆலமரம், நிறைய பழம். பள்ளத்தாக்கை மறைக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். “இது மட்டும் வேண்டாமுங்க பாய்” என்றார் பழனிசாமி. நான் விடவில்லை, வேறு ஆள் வந்தாலும் அறுக்கத்தானே போகிறான் என்றேன். கயிற்றை எடுத்துக்கொண்டார்.

மரத்தைத் துண்டு போட மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் காலையில் பச்சைப்புறாக் கூட்டம் வந்தது. மரம் இருந்த இடத்துக்கு மேலே வட்டமடித்தது, இறங்க இடமில்லாமல் திரும்பியது. மூன்றாம் நாள் அவர் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

“நாளைக்கும் அதுங்க வருமுங்க. நான் வரலீங்க.”

அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

தட்டிப் பார்ப்பது

இப்போதெல்லாம் மிசினைக் கிளப்புமுன் மரத்தைத் தட்டிப் பார்க்கிறேன். போன மாசம் ராசம்மா என்கிற அம்மா, வீட்டுப் பக்கம் சாய்ந்த, பட்டுப்போன பலாமரத்தை எடுக்கக் கூப்பிட்டார். தட்டினேன். மேலே பொந்திலிருந்து மரங்கொத்தி ஒன்று எட்டிப் பார்த்தது. உள்ளே குஞ்சுச் சத்தம். “ரெண்டு மாசம் பொறுங்கம்மா, குஞ்சு பறந்ததும் வாரேன்” என்றேன். “அதுக்குள்ள ஊட்டு மேல உழுந்துட்டா?” என்றார். நியாயம்தான். கயிறு போட்டு மரத்தை எதிர்ப்பக்கப் பாறையோடு இழுத்துக் கட்டினேன். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மரம் அறுக்க வந்து மரத்தைக் கட்டிப்போட்டுப் போற ஆளை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்.”

இருபது வருஷத்தில் என்னால் பிழைத்து நிற்பது பட்டுப்போன ஒரு பலாமரம், அதுவும் ரெண்டு மாசத்துக்குத்தான்.