ஓடக்காரியின் இரண்டாவது ஆறு

அலுவலகத்தில் அவளுக்கு ஓடக்காரி என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. அவள் உருவாக்கிய ‘அக்கரை’ என்ற கணினி விளையாட்டு, மூழ்க இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தைக் கரையேற்றியது. அதனால் வந்த பட்டம் அது.

அந்த விளையாட்டில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஓர் ஆறு, ஓர் ஓடம். கரையில் ஆட்கள் காத்திருப்பார்கள். ஆட்டுக்குட்டியோடு ஒருத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் கணவன் மனைவி, தலையில் கட்டிலைச் சுமந்துவரும் ஒருவன். யாரை யாரோடு ஏற்றலாம், யாரை எந்தப் பக்கம் உட்கார வைக்கலாம் என்று யோசித்து அக்கரை சேர்க்க வேண்டும். கடிகாரம் கிடையாது. மவுஸை ஒரு கையால் நகர்த்தத் தெரிந்தால் போதும்.

வருடக்கணக்காக அதே ஆற்றைப் பார்த்து அவளுக்குச் சலித்துவிட்டது. இரண்டாம் பாகம் என்று பேச்சு வந்தபோது, ஆற்றில் வெள்ளம் வரட்டும் என்றாள். பின்னால் கொள்ளைக்காரர்கள் துரத்த, பாறைகளுக்கு நடுவே ஓடத்தை விரட்ட வேண்டும். பத்து விரலுக்கும் ஓயாத வேலை. பழைய ரசிகர்கள் என்ன சொல்வார்களோ என்று முதலாளி இழுத்தார். அவர்களைக் கேட்டுக் கேட்டுச் செய்தால் ஆயுசுக்கும் ஆட்டுக்குட்டியைத்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். வெள்ளத்தை உருவாக்கும் பொறுப்பு, அலுவலகத்தில் எல்லோரும் ‘கணக்கு’ என்று கூப்பிடும் நிரல் எழுதுபவரிடம் போனது. அதிகம் பேசாத மனிதர். தண்ணீர் தண்ணீராக நடந்துகொள்ள வேண்டும் என்று ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாகம் நன்றாகவே விற்றது. புதிதாக வந்தவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பழையவர்கள் கொதித்துப் போனார்கள். ‘இதில் கரையும் இல்லை, அக்கறையும் இல்லை’ என்று யாரோ எழுதியது ஊரெல்லாம் சுற்றியது. அவர்களில் விடாக்கண்டன் ஒருவர் இருந்தார். ‘நனையாதவன்’ என்ற புனைபெயரில் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நாள் தவறாமல் எழுதுவார். திட்டமாட்டார், ஆனால் விடவும் மாட்டார். மூக்கு நுனியில் உட்காரும் ஈ மாதிரி இருந்தது அவளுக்கு. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவர் இனி அங்கே எழுத முடியாதபடி தடுத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம்.

விளையாட்டுக் கண்காட்சி ஒன்றில் அவளை மேடையேற்றி, ரசிகர்களின் புகார்களைப் பற்றிக் கேட்டார்கள். அரங்கம் நிறையக் கூட்டம். நேரடி ஒளிபரப்பு வேறு. அவள் போனை எடுத்து, நனையாதவன் எழுதிய ஒன்றை அழுகைக் குரலில் வாசித்தாள்: “நான் நாலு பேரை அக்கரை சேர்க்க வந்தேன். என்னைத் துரத்த ஆள் அனுப்பிவிட்டீர்கள். நான் என்ன தப்பு செய்தேன்?” கூட்டம் சிரித்தது. சிரிப்பு கேட்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. “இவருக்கு ஓடம் வேண்டாங்க, தொட்டில் கட்டி ஆட்டிவிட்டா போதும்” என்றாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

இரண்டு நாள் கழித்து அண்ணி போன் செய்தாள். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்து, வைக்கப் போகும் நேரத்தில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

“உங்க அண்ணன் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வெச்சுட்டாரும்மா. நீ மேடையில படிச்சியே, அது அவர் எழுதுனது. நான் சொன்னேன்னு காட்டிக்காத.”

அவளுடைய அண்ணன் பஸ் டிரைவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும் வேலையை விட்டவர். அண்ணி பகலெல்லாம் துணிக்கடை வேலைக்குப் போய்விட, வீட்டில் தனியாக இருந்தவருக்கு ‘அக்கரை’யைப் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். இரண்டாம் பாகத்தையும் அனுப்பியிருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “ஜோரா இருக்கும்மா” என்றிருந்தார். அவளும் சந்தோஷமாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அண்ணனைக் கேலி செய்தது அவளைச் சுட்டது. அதைவிட, பத்து விரல் வேண்டும் என்று அத்தனை கூட்டங்களில் பேசியபோது ஒருமுறைகூட அந்தக் கை அவள் ஞாபகத்துக்கு வரவில்லையே என்பதுதான் அதிகம் சுட்டது.

அன்றே போனாள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, விழுந்த கையை மறு கையால் நீவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் வலித்தது. அவள் எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தாள். முடியாமல் கேட்டேவிட்டாள்.

“என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம்ல அண்ணா?”

“நேர்ல சொன்னா அண்ணனுக்காக மாத்துவ. வேத்து ஆளாச் சொன்னா விளையாட்டுக்காக மாத்துவேன்னு நெனச்சேன்” என்றார் அவர்.

அப்புறம் அவராகவே பேசினார். பஸ் ஓட்டிய காலமெல்லாம் நேரத்துக்குப் போகவில்லை என்று மேலேயும் திட்டு, பயணிகளிடமும் திட்டு. நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, யாரும் மணி பார்க்காமல், நிதானமாகக் கொண்டு சேர்க்கிற ஒரு வண்டி வாழ்க்கையில் முதல் முறையாக அந்த விளையாட்டில்தான் கிடைத்தது. பழையதில் எல்லோரையும் எத்தனையோ முறை அக்கரை சேர்த்தாயிற்று; புதிதில் அதுவும் பறிபோனதும் தாங்கவில்லை. அவ்வளவுதான், தொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, டீ ஆறிவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரையும் கலந்துகொள்ளாமல், அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இணையத்தில் ஒரு மன்னிப்பை எழுதிப் போட்டாள். ரசிகர்களைக் கேட்காமல் விட்டது தப்பு, இரண்டாம் பாகம் போன வழி தப்பு என்று உருகி உருகி எழுதினாள். நனையாதவனுக்கு இருந்த தடையையும் நீக்கினாள். பாரம் பாதி இறங்கிய மாதிரி இருந்தது.

இறங்கிய பாரம் வேறொருவர் தலையில் போய் உட்கார்ந்தது. உருவாக்கியவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று பழைய ரசிகர்களில் சிலருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. வெள்ளத்தைச் செய்தது யார் என்று தோண்டியெடுத்து, கணக்கு இணையத்தில் வைத்திருந்த சொந்தப் பக்கத்துக்குப் போய் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். அவருடைய மகள் படிக்கும் பள்ளி எது என்றுகூட ஒருவன் கேட்டிருந்தான்.

கணக்கு அவள் மேசைக்கு வந்து நின்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

“மன்னிப்புக் கேட்டீங்க, சரி. எந்தத் தப்புக்குன்னு பிரிச்சுச் சொல்லலையே மேடம். என் வேலையையும் சேர்த்துல்ல தப்புன்னுட்டீங்க?”

சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவள், செய்ததற்கெல்லாம் கேட்டுவிட்டாள். இரண்டாவதாக ஒன்று எழுதினாள்: விளையாட்டை மாற்றியது என் முடிவு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆறு அருமையாக வந்திருக்கிறது, ஒரு மனிதரை மேடையில் கேலி செய்து சிரித்ததுதான் என் தப்பு. முதல் மன்னிப்பைப் படித்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் படிக்கவில்லை. முதலாளி கூப்பிட்டு, மூன்றாம் பாகம் எப்படி, ரசிகர்கள் சொல்வதைக் கேட்பதா வேண்டாமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை.

அடுத்த முறை அண்ணன் வீட்டுக்குப் போனபோது கம்ப்யூட்டர் மேல் இருந்த துணியைக் காணோம். அண்ணன் முகம் சுண்டியிருந்தது. கணக்கைத் திட்டியவர்கள் எழுதியதையெல்லாம் அவர் படித்திருந்தார்.

“நான் எழுதுனதுதாம்மா அவங்களுக்கு வாயாப் போச்சு” என்றார். பிறகு, “அந்த மனுஷன் செஞ்ச ஆத்தை நான் ஒழுங்காப் பாக்கவே இல்ல. போடு, பாக்கலாம்.”

ஒரே கீபோர்டை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்கள். ஓடத்தைத் திருப்பும் இடது பக்கத்து விசைகள் அவருக்கு, வேகம் கூட்டும் வலது பக்கம் அவளுக்கு. அவர் மெதுவாகப் போகச் சொன்னால் அவள் விரைந்தாள்; அவள் நேராகப் போகச் சொன்னால் அவர் திருப்பினார். முதல் பாறையிலேயே ஓடம் சில்லு சில்லாக உடைந்தது. பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, நல்லவேளை, பஸ்ஸை இந்த ஆள் தனியாக ஓட்டினார் என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள். மறுபடி, மறுபடி. நுரை ததும்பும் தண்ணீரை அண்ணன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். தண்ணீர் அசல் தண்ணீர்தான் என்று அதைச் செய்தவரிடம் சொல்லச் சொன்னார். தனக்கு இது ஒத்துவராது என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

கணக்கு வேறு நிறுவனத்தில் சேரப் போவதாகச் சொல்லிவிட்டிருந்தார். அவள் எவ்வளவோ பேசிப் பார்த்தும் மனம் மாறவில்லை. மேசையை அவர் ஒழித்துக்கொண்டிருந்தபோது, நனையாதவன் யார் என்பதையும் அவருடைய கையைப் பற்றியும் சொல்லி, அண்ணன் சொன்னதை ஒப்பித்தாள். கணக்கு ஒயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் மூழ்குகிறார் என்று கேட்டார். முதல் பாறை என்றாள்.

“அங்க தண்ணி வலது பக்கம் இழுக்கும். முன்னாடியே இடது கரையை ஒட்டிப் போகச் சொல்லுங்க. வேகம் வேண்டாம்.”

அன்று சாயங்காலம் அதை அண்ணனிடம் சொன்னாள். இடது கரையை ஒட்டியே போனார்கள். முதல் பாறையைத் தாண்டி, இரண்டாவது பாறையில் மூழ்கினார்கள்.